மறுப்பார் உண்டோ

கிழக்கே தாழ்ந்து கிடந்த குன்றுகளின் தோளைத் தழுவி எழுந்த இளங்கதிர், ஆற்றின்மேல் படுத்திருந்த வெண்பனியை மெல்ல விலக்கி, பாலத்தின் வளைவுகளில் சற்றே தங்கி, கூரை கூரையாக ஏறி இறங்கி, நகரின் நடுவே நீண்டு கிடந்த பெருந்தெருவுக்குள் புகுந்தபோது, அங்கே இரு மருங்கும் நின்ற நிழல்மரங்கள் அதனை அப்படியே உள்ளே விட்டுவிடாமல், வாயிற்காவலர் வருவோரை நிறுத்தி வினவி விடுவதுபோல, இலைதோறும் நிறுத்திச் சலித்துப் பொன்துகளாக்கியே நிலத்தில் விழவிட்டன. கடைக்காரர் கதவுகளைத் தூக்கும் ஓசையும், பால்வண்டியின் மணியும், பள்ளிக்குப் பிந்திய பிள்ளைகளை விரட்டும் அன்னையரின் குரலும் அந்நிழலுக்குள் கலந்து, தொலைவிலிருந்து கேட்பார்க்கு நகரே விழித்துச் சோம்பல் முறிப்பது போலத் தோன்றும். தெருவின் மேற்கு முனையில், புதிதாக எழுந்த ஆட்சி மன்றம் வெள்ளைக் கல் முகத்தோடு நின்றது. அதன் மேல்மாடச் சாளரங்களில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மக்கள் தெரியமாட்டார்கள். மரங்களின் முடிகளே தெரியும்.

அம்மரங்களின் அடியில், கையில் குடையும் தோளில் பையுமாக, நாள்தோறும் அவ்வேளையில் மன்றத்தை நோக்கி நடந்து வருபவள் அந்நகரின் மரக்காப்பாளர். காப்பாளரின் சொல்லின்றி ஒரு கிளையையும் எவரும் வெட்டலாகாது என்பது அங்குப் பழைய நடைமுறை. வெட்டவேண்டிய மரம் எதுவாயினும், காப்பாளர் அதன் அடியில் போய் நின்று, பட்டையின்மேல் வலக்கை வைத்து, அதன் நிலை இன்னதென்று தெருவார் அனைவரும் கேட்கத் தம் வாயாலேயே உரைத்தல் வேண்டும். உரைத்தபின் 'மறுப்பார் உண்டோ?' என்று மும்முறை வினவுதல் வேண்டும். அத்தெருவில் குடியிருப்போரோ தொழில் செய்வோரோ ஒருவரேனும் 'உண்டு' என்றால், அடுத்த தளிர்க்காலம் வரை அம்மரத்தின்மேல் கோடரி விழலாகாது. ஆயினும், அவ்விடை எழக் கேட்டவர் எவரும் அந்நகரில் உயிரோடில்லை. மக்கள் அஞ்சி வாய்மூடினர் என்பதன்று. மரத்தின்மேல் கைவைத்துக்கொண்டு ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்று தெருவார் எவருக்கும் தோன்றியதே இல்லை.

இவள் முன்னாளில் கல்லூரியில் செடிகொடிகளின் இயல்பைக் கற்பித்தவள். முந்தைய ஆட்சி ஆற்றங்கரை மரங்களைக் கண்மூடித்தனமாகச் சாய்த்த காலத்தில், ஆள்வோர் கேட்டார்கள் என்பதற்காக மரத்துக்கு நோய் வந்துவிடாது என்று பொதுமேடையில் முழங்கி, அதற்காகவே கல்லூரியின் ஒரு மூலை அறைக்கு ஒதுக்கப்பட்டவள். புதிய தலைவர் ஆட்சிக்கு வந்ததும், எவரும் அழைக்காத அம்மூலை அறைக்கு ஆளனுப்பி அவளை அழைத்து, தம் அருகில் அமர்த்தி, "நீங்க நம்ம ஆளும்மா" என்றார். அச்சொல் அவளுள் இறங்கிய விதத்தை அவளே வியந்தாள். வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர் வாயில் விழுந்த நீர்போல, அது போகும் வழியெல்லாம் குளிர்ந்து சென்றது. கொள்கைக்காகத் தனித்து நின்றவர்களுக்கும், உள்ளத்தின் ஓரத்தில், எவரேனும் வந்து கைபிடித்து வரிசையில் நிறுத்தமாட்டார்களா என்ற ஏக்கம் இருக்கும்போலும்.

முதற்பொய் அவளுக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. தலைவருக்கு வேண்டிய ஒருவரின் கடைமுன் நின்ற மரம் பாதி நோயுற்றிருந்தது. அதனை முழுதும் நோயுற்றது என்றாள். அடுத்தது சற்றே நோயுற்றிருந்தது. பெரிதும் நோயுற்றது என்றாள். புதிய செருப்பு முதல் நாள் கடித்து, மறுநாள் உறுத்தி, அதன்பின் காலோடு காலாகிவிடுவதுபோல, அவ்வாறு சொல்வது அவள் நாவுக்குப் பழகிவிட்டது. அவள் வருந்தி உருகினாள் என்று எழுதினால் அது உண்மையாகாது. காலை நடை, மன்றத்தில் தனக்கென ஓர் அகன்ற மேசை, அவையில் தன் பெயருக்கு எழும் தலையசைப்புகள், மாலையில் வீடு திரும்பும்போது கால்களில் தங்கும் இனிய களைப்பு ஆகிய அனைத்திலும் அவள் நிறைவாகவே இருந்தாள். நிறைவு என்பது எல்லா வேளையும் நேர்மையின் கூலியாக வருவதில்லை என்பதை அறியாதவளும் அல்லள். அறிந்ததை அதிகம் கிளறாதிருந்தாள், அவ்வளவே.

அவள் கணவர் பல் மருத்துவர். பெருந்தெருவின் நடுவில், மாடியில் அவரது மருத்துவ அறை இருந்தது. பிறரை வாய் திறக்கச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட அவர், தம் வாயை மிகுதியாகத் திறப்பதில்லை. சாய்ந்த இருக்கையில் கிடக்கும் நோயாளர்க்கு எதிரே உயரமான சாளரம் ஒன்றும், அதில் ததும்பும் பச்சையும் இருக்கும். கருவி உறுமத் தொடங்கும்போது, "பயப்படாதீங்க, அந்த மரத்தையே பாத்துட்டு இருங்க" என்பார். மயக்க ஊசிக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அம்மரத்தைத்தான்.

தளிர்க்காலம் கழிந்து இலைகள் முற்றிச் செழித்திருந்த ஒரு நாள், தலைவரின் செயலர் அவள் அறைக்குள் வந்து அமர்ந்தார். தலைவரின் முகத்தைப் படிப்பதே அச்செயலரின் கலை. தலைவர் சொல்லி முடிக்குமுன் செய்து முடிப்பது பற்று. சொல்லத் தொடங்குமுன்பே செய்து முடிப்பது பெரும்பற்று. எதற்கும் 'ஐயா, என்ன விருப்பம்?' என்று கேட்பது, அவர் உள்ளம் அறியாத அயலார் செயல். இதுவே அம்மன்றத்தில் எழுதப்படாத முறை. ஆகையால் அங்கே எவரும் எதையும் கேட்பதில்லை.

"மேடம், ஒரு சின்ன விஷயம். ஐயா கொஞ்ச நாளா ஜன்னல்கிட்ட போய்ப் போய் நிக்கிறாரு. மரத்தைப் பாக்குறாரு, முகத்தைச் சுளிக்கிறாரு, பெருமூச்சு விடுறாரு."

"சரி?"

"என்ன சரி? இவ்வளவு அழகா மன்றம் கட்டியிருக்கு. தெருவுல நின்னு பாத்தா ஐயா நிக்கிற மாடமே தெரியல. மரம் மறைக்குது. அவர் வாய்விட்டுச் சொல்ற ஆளா? நாமதான் புரிஞ்சுக்கணும். மன்றத்துலேருந்து தெரு நடு வரைக்கும் இருக்குற மேற்கு வரிசை மட்டும் போதும். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஐயா விருப்பம்னு. நீங்க வந்து கை வச்சு ரெண்டு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"அதுல ஒண்ணுகூட நோய்ப்பட்டது இல்லைங்களே."

செயலர் குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாத நோயா மேடம்!"

மேற்கு வரிசையை அவள் மாணவியாயிருந்த நாள் முதல் அறிவாள். பாதி நோயைக் கூட்டிச் சொல்ல அங்கே கால்பங்கு நோயும் இல்லை. உயிர் ததும்பும் ஒரு வரிசையைப் பிணம் என்று சொல்லவேண்டும். இன்றேல் எந்தக் குரல் அவளை வரிசையில் சேர்த்ததோ, அக்குரலே அவளை விலக்கிவிடும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தவள், அம்மன்றத்தில் எவரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தலைவரிடம் நேரே சென்று கேட்டாள்.

தலைவர் முதலில் புருவம் தூக்கினார். பிறகு மேசை அதிரச் சிரித்தார்.

"மரமா? நான் எதுக்கும்மா மரத்தை வெட்டச் சொல்றேன்? உக்காந்தே இருந்தா முட்டி பிடிச்சுக்குது. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பேன். காலை நீட்டும்போது சுளீர்னு இழுக்கும். அதுக்குத்தான் முகம் கோணுது!"

அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விழுந்தது. "அப்போ நிறுத்திடச் சொல்லிடட்டுமா ஐயா?"

சிரிப்பு நின்றது. தலைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவர் கொடியவர் அல்லர். அம்முகத்தில் கனிவே மிகுந்திருந்தது. ஆயினும் அக்கனிவுக்கு அடியில், பெருங்கிணற்றின் அடியில் கிடக்கும் கல்போல, அசையாத ஏதோ ஒன்றும் இருந்தது.

"அது எப்படிம்மா முடியும்? ஊரெல்லாம் சொல்லியாச்சே, ஐயா விருப்பம்னு. இப்ப நான் இல்லைன்னா, செயலர் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு? அதை விடுங்க. நாளைக்கு என் பேரைச் சொல்லி யாராவது ஒரு வேலை சொன்னா, 'இது அவரே சொன்னதா, இல்ல முட்டிவலியா'ன்னு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் நான் எப்படி ஆட்சி நடத்துறது? மரம் வேற நட்டுக்கலாம்மா. நீங்க நம்ம ஆளு. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் தலையசைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபின்னரே, தான் தலையசைத்ததை உணர்ந்தாள். வேண்டும் என்று விரும்பிய ஒருவருக்காகப் பொய் சொல்வதில் ஒரு பொருளேனும் உண்டு. எவரும் விரும்பாத ஒன்றுக்காகப் பொய் சொல்லவேண்டி வந்த விந்தையை எண்ணி, படிகளில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அச்சிரிப்பு அவளை அச்சுறுத்தியது.

அன்று மாலை உண்ணும்போது கணவர் கேட்டார்: "மேற்கு வரிசைக்கு ஏதோ நோயாமே?"

"வேர்ல ஒரு பூஞ்சை. வெளியில தெரியாது."

"ஓ." ஒரு கவளம் உண்டார். "பல்லுலயும் அப்படி உண்டு. ஆனா தட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்."

"எல்லாத்தையும் பல்லாவே பாக்காதீங்க."

"வேற எதைப் பாக்குறது? எனக்குத் தெரிஞ்சது அதுதானே" என்று சொல்லி, குழம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் நம்பிவிட்டார் என்று அவள் ஆறுதல் கொண்டாள். நம்பிவிட்டாரே என்று சற்று வருந்தவும் செய்தாள்.

குறித்த நாளின் முற்பகலில், கோடரியும் கயிறும் ஏந்திய பணியாளர் ஒருபுறம் நிற்க, அமைச்சர்களும் துறைக் காப்பாளர்களும் நிழலில் இருக்கை இட்டு அமர்ந்திருக்க, செயலர் எவர் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்தவாறு உலவ, அவள் முதல் மரத்தின் அடியில் போய் நின்றாள். கடைக்காரர்கள் வாயிலில் வந்து நின்றனர். வலக்கையைப் பட்டையின்மேல் வைத்தாள். காலை வெயிலை உண்ட அப்பட்டை, தூங்கி எழுந்த குழந்தையின் முதுகுபோல இளஞ்சூடாக இருந்தது. அவள் குரல் நடுங்கவில்லை. பழகிய குரல் நடுங்குவதில்லை.

"இம்மரமும் இவ்வரிசையும் வேரில் நோயுற்றன. மீளா. இது காப்பாளர் சொல். மறுப்பார் உண்டோ?"

ஒரு மிதிவண்டி மணி ஒலித்து அடங்கியது.

"மறுப்பார் உண்டோ?"

பணியாளன் ஒருவன் உள்ளங்கையில் எச்சில் தடவிக் கோடரிப் பிடியைப் பற்றினான்.

"மறுப்பார் உண்டோ?"

"உண்டுங்க."

அனைவரும் திரும்பினர். மருத்துவ அறையின் மாடிப்படியில், வெள்ளை மேலங்கியோடும் தாடைக்குக் கீழ் இழுத்துவிட்ட முகமூடியோடும் அவள் கணவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பாதி வாய் மரத்துப்போன நோயாளி ஒருவர், கழுத்தில் கட்டிய துண்டோடு, தெருவில் நடப்பதைக் காணாதிருக்க மனமின்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இந்தத் தெருவுலதான் தொழில் பண்றேன். மறுக்கிறேன். மரம் நல்லா இருக்கு."

"ஆஆ, நல்லாத்தான் இழுக்கு" என்றார் நோயாளி, வராத நாவோடு. எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்புத் தெருவெங்கும் பரவியது. நாள்தோறும் தலைவர் முகம் படித்த செயலர், படிக்க முகம் ஏதும் கிட்டாமல், கையில் சுவடியேந்திய எழுத்தறியாதவர்போலத் திகைத்து நின்றார். முறை முறைதான். கயிறுகள் சுருட்டப்பட்டன.

அவளுக்கு முதலில் வந்தது சினம். அடுத்து வந்தது நாணம், காது மடல் வரை எரியும் நாணம். இரண்டும் வடிந்தபின், எதிர்பாராத விருந்தினர்போல, ஓர் ஆறுதல் வந்து அமர்ந்தது. மரத்திலிருந்து கையை எடுக்க மறந்து, வெகுநேரம் அப்படியே நின்றாள்.

வீட்டில் அன்று அவள் பாத்திரங்களை வைத்த ஓசையிலேயே எல்லாம் இருந்தது.

"நாலு பேர் முன்னால என்னை இப்படி நிக்க வச்சுட்டீங்களே!"

"நீதானே கேட்டே. மூணு தடவை கேட்டே. முதல் ரெண்டு தடவை வேற யாராவது சொல்வாங்கன்னு பாத்தேன்."

"அதுக்காக? நான் உங்க பொண்டாட்டி."

"வீட்டுல நீ ஒரு தடவை கேட்டு நான் பதில் சொல்லலைன்னாலே சும்மா விடமாட்டியே" என்றார் அவர், மிகுந்த பணிவோடு. அவள் அழத் தொடங்கி, பாதியில் சிரித்து, எது எங்கே முடிந்ததென்று தெரியாமல் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்:

"இந்த வேலையை விட்டுடறேன்."

"விடு. ஆனா அடுத்து வர்றவரோட வீட்டுக்காரரு பல் டாக்டரா இருப்பாருன்னு என்ன நிச்சயம்?"

மறுநாள் தலைவர் அழைத்தார். மூலை அறைக்கே மீளவேண்டியதுதான் என்று துணிந்து சென்றவளை, அவர் எழுந்து நின்று, முழங்கால் இழுக்க முகம் கோணி, அக்கோணலுக்கு ஊடே மலர்ந்து வரவேற்றார்.

"பிரமாதம்மா! நான் எதிர்பாக்கவே இல்ல. நீங்க உங்க வாயால எனக்காகச் சொல்லிட்டீங்க, வீட்டுக்காரரை விட்டு மறுக்கவும் வச்சுட்டீங்க. என் பேரும் கெடல, மரமும் தப்பிச்சுது. இந்த மூளை இங்க வேற யாருக்காவது இருக்கா?"

"நாங்க பேசி வச்சுக்கல ஐயா. அவருக்குத் தெரியாது. நான் பொய் சொன்னேன், அவர் மறுத்தார். அவ்வளவுதான்."

தலைவர் கண்ணைச் சிமிட்டினார். "அப்படியே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அம்மன்றத்தார் எவரும் நம்பவில்லை. ஒருவர் மற்றொருவரின் சூழ்ச்சியாக அன்றித் தாமாகவே உண்மை பேசக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே எவருக்கும் எஞ்சியிருக்கவில்லை. அவளைக் கண்டால் முன்னினும் தாழ்ந்து வணங்கினர். செயலரோ, சூழ்ச்சியில் தமக்கும் சில பாடம் சொல்லித்தரும்படி வேண்டினார். அவள் அமர்ந்த இருக்கை முன்னினும் உறுதியாயிற்று. அவ்வுறுதியின்மேல் அமர்ந்து அவள் ஒரே ஒரு முடிவு செய்தாள். இனி மரத்தின்மேல் கைவைத்து, மரம் சொல்வதை மட்டுமே சொல்வது. பெரிய நோன்பு ஒன்றும் அன்று. எவருக்கும் அறிவிக்கவும் இல்லை.

இலை உதிர்ந்தது, மழை வந்து போயிற்று. தெரு வளைவில், பச்சை குன்றாமல் நின்ற ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தபோது, உள்ளே வெறும் கூடு என்று அவளுக்குத் தெரிந்தது. கை வைத்து, உள்ளபடியே உரைத்தாள். முதல் வினா முடியுமுன்னரே, பழக்கடையிலிருந்தும் தையற்கடையிலிருந்தும் எதிர்மாடியிலிருந்தும் ஒரே குரலாய் எழுந்தது: "உண்டு! உண்டு!" தெருவுக்குப் புதிதாய்க் கிடைத்த உரிமை அது, திருமணப் பந்தலில் வாழ்த்துவதுபோல மகிழ்ந்து மறுத்தனர்.

"எங்ககிட்ட கதை விடாதீங்கம்மா, இலை பச்சையா இருக்கு!" என்றாள் பழக்காரி.

காப்பாளர் தன் கணவரைப் பார்த்தாள். அவர் படியில் நின்று, இம்முறை இரு கைகளையும் உயர்த்தி, "நான் வாயைத் திறக்கலப்பா" என்றார்.

அவளுக்கு வருத்தம் வரவில்லை. விதைத்த நிலத்தில் விளைந்ததைக் காணும் உழவரின் உள்ளம் அவளுக்கு வாய்த்திருந்தது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் செய்தாள். அக்கயிற்றில் சிலர் துணி உலர்த்தினர். பிள்ளைகள் தாவி விளையாடினர். நாள்தோறும் மன்றம் போகும் வழியில் சற்று நேரம் அங்கே நின்று, போவோர் வருவோரைச் சுற்றிப் போகும்படி சொன்னாள். பலர் கேளாதவர்போல் குனிந்து நுழைந்தனர். சிலர் அவள் காதுபடவே, "அடுத்தது யாரோட மாடத்தை மறைக்குதாம்?" என்று நகைத்தனர். அவள் மறுநாளும் நின்றாள்.

காற்று சற்றே மிகுந்த ஒரு காலையில், இரு கைகளிலும் பைகள் சுமந்த பெண்ணொருத்தி, கயிற்றைத் தோளால் தூக்கிக்கொண்டு நுழையப் போனாள்.

"அப்படிப் போகாதம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு."

அப்பெண் மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காப்பாளரைப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமா."

பைகளின் சுமையை ஒருமுறை மாற்றிப் பிடித்துப் பெருமூச்செறிந்து, "சரி, நீங்க சொல்றீங்க" என்று முணுமுணுத்து, அவள் அந்த நீண்ட வளைவைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் தலை கூட்டத்தில் மறையும் வரை காப்பாளர் பார்த்து நின்றாள். அவையோர் வணக்கங்களிலும், 'நம்ம ஆளு' என்ற குளிர்ந்த சொல்லிலும் கிட்டாத ஏதோ ஒன்று, சலித்துக்கொண்டே நடந்த அவ்வொரு சுற்று நடையில் கிட்டியதாக உணர்ந்தாள். தெருவின் நம்பிக்கையை அவள் இழந்தது ஒரே முற்பகலில். மீள்வது இப்படி ஒருவர் ஒருவராக, கால் வலிக்க நின்றுதான் மீளும் போலும். அதனை அறிந்து, அறிந்ததில் மனக்குறை ஏதுமின்றி, தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, அவள் அடுத்து வருபவருக்காகக் காத்து நின்றாள்.